பேரிடரில் அண்டை நாட்டு இராணுவம்: யார் அழைக்கணும், யார் பேச்சைக் கேட்கணும்?

2025 நவம்பர் கடைசி வாரத்தில் நம்மைச் சுற்றி மூன்று நாடுகளில் ஒரே நேரத்தில் பெருவெள்ளம் வந்தது. தென் தாய்லாந்தில் ஹாட்யாய் நகரம் மூழ்கியது. விடுமுறைக்குப் போன ஆயிரக்கணக்கான மலேசியர்கள் ஹோட்டல்களில் மாட்டிக்கொண்டார்கள். சுமத்ராவில் ஆச்சே, வட சுமத்ரா, மேற்கு சுமத்ரா மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இலங்கையில் டித்வா புயல் 600-க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. கண்டி, பதுளை, நுவரெலியா போன்ற மலையகப் பகுதிகளில் மண்சரிவு வீடுகளைப் புதைத்தது.

வெளிநாட்டு உதவி விஷயத்தில் இந்த நாடுகள் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. இலங்கை உடனே உதவி கேட்டது. வெளிநாட்டு இராணுவ விமானங்களும் கப்பல்களும் வந்தன. இந்தோனேசியாவோ அதைத் தேசியப் பேரிடராக அறிவிக்கவில்லை; சொந்த பலத்திலேயே சமாளிக்க முடியும் என்று சொன்னது.

"பக்கத்து வீட்டுல தீப்பிடிச்சா ஓடிப் போய் அணைக்கிறோம். பக்கத்து நாட்டுல வெள்ளம் வந்தா மட்டும் ஏன் இவ்வளவு யோசனை?" என்ற கேள்வி பலருக்கும் வரும். நியாயமான கேள்விதான். இராணுவங்கள் எப்படி, எந்த விதிகளின்படி ஒன்றுக்கொன்று உதவுகின்றன, இதில் மலேசியாவின் பங்கு என்ன, கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கும் நமக்கு இதில் என்ன சம்பந்தம் என்பதை இங்கே பார்ப்போம்.

சுருக்கமாக:

• பாதிக்கப்பட்ட நாடு கேட்டு, சம்மதம் கொடுத்தால்தான் வெளிநாட்டு இராணுவம் உள்ளே வர முடியும்.
• வந்த பிறகு, அந்த நாட்டு அரசாங்கத்தின் ஒருங்கிணைப்பில்தான் அது வேலை செய்யணும்.
• ஆசியானின் முக்கிய நிவாரணக் கிடங்கு சிலாங்கூர் சுபாங்கில் அமைக்கப்பட்டது.
• முதல் சில மணி நேரம் எப்போதும் உள்ளூர்க்காரர்களின் கையில்தான் இருக்கிறது.

நிவாரண வேலைக்கு இராணுவம் எதற்கு?

நம் நாட்டில் பொம்பா எனப்படும் தீயணைப்பு மீட்புப் படை இருக்கிறது. பொது தற்காப்புப் படையான ஏபிஎம் இருக்கிறது. போலீஸ், மருத்துவமனைகள், தன்னார்வலர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். சாதாரண வெள்ளத்துக்கு இவர்களே போதும்.

பேரிடர் பெரிதாகும்போது மூன்று விஷயங்கள் தட்டுப்படும்: போக்குவரத்து, தொடர்பு வசதி, ஆள்பலம். சாலை அறுந்துபோன இடத்துக்கு ஹெலிகாப்டர் வேணும். முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஓடும் தெருவில் உயரமான மூன்று டன் லோரிதான் போக முடியும். மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் விழுந்துவிட்டால் சொந்தமாக ரேடியோ வைத்திருப்பவர்கள்தான் பேசிக்கொள்ள முடியும். மருத்துவமனையே இடிந்துவிட்டால் கூடாரத்தில் அறுவை சிகிச்சை அறை அமைக்கத் தெரிந்தவர்கள் வேணும்.

இவை எல்லாம் மொத்தமாக, சொன்னவுடன் கிளம்பும் நிலையில் இருப்பது இராணுவத்திடம் மட்டும்தான். அரச மலேசிய ஆகாயப்படையின் ஏ400எம் ரக விமானம் ஒன்று சுமார் 37 டன் வரை சரக்கு தூக்கும். அப்படிப்பட்ட விமானங்கள் நான்கு நம்மிடம் உள்ளன.

ஆனால் இராணுவத்துக்கு ஒரு குறையும் இருக்கிறது. அது மலிவான உதவி இல்லை. ஒரு மூட்டை அரிசியை ஹெலிகாப்டரில் கொண்டுபோக ஆகும் செலவு, லோரியில் கொண்டுபோவதைவிடப் பல மடங்கு அதிகம். அதனால்தான், பொதுமக்கள் சார்ந்த அமைப்புகளால் முடியாதபோது கடைசி வழியாக மட்டுமே வெளிநாட்டு இராணுவ வசதிகளைப் பயன்படுத்த வேண்டும் என்று 'ஓஸ்லோ வழிகாட்டுதல்கள்' சொல்கின்றன. 1994-இல் உருவான இந்த அனைத்துலக வழிகாட்டுதல்கள் சட்டம் கிடையாது. ஆனாலும் ஐ.நா. அமைப்புகளும் பல நாடுகளும் இதை அளவுகோலாக வைத்திருக்கின்றன.

2004: எல்லாரும் பாடம் படித்த ஆண்டு

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இந்தியப் பெருங்கடலைச் சுற்றிய நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தனர். ஆச்சேவில் மட்டும் லட்சத்துக்கு மேல். தமிழகத்தில் நாகப்பட்டினம்தான் மோசமாக அடிபட்டது. மலேசியாவில் பினாங்கு, கெடா கரையோரங்களைச் சேர்த்து 68 பேர் உயிரிழந்தனர்.

அப்போது தென்கிழக்காசியாவில் இப்படி ஒரு நிலைமைக்கு எழுதி வைத்த கூட்டுத் திட்டம் எதுவும் இல்லை. வந்த உதவியெல்லாம் நாட்டுக்கு நாடு தனித்தனியாகப் பேசி வந்ததுதான். இந்தியா தன் சொந்தக் கரையில் ஆயிரக்கணக்கானோரை இழந்த நிலையிலேயே, இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் கடற்படைக் கப்பல்களை அனுப்பியது. இலங்கைக்கான நடவடிக்கைக்கு 'ரெயின்போ' என்று பெயர். திரிகோணமலைக்கும் காலிக்கும் கப்பல்கள் போயின. அமெரிக்கா, இந்தியா, ஜப்பான், ஆஸ்திரேலியா ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்புக் குழு அமைத்தன. இன்று 'குவாட்' என்று செய்திகளில் அடிபடும் கூட்டணிக்கு விதை அதுதான்.

ஆச்சேவில் நிலைமை இன்னும் சிக்கல். அங்கே அரசாங்கத்துக்கும் சுதந்திர ஆச்சே இயக்கத்துக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தது. வெளியாட்களுக்குக் கதவு மூடியிருந்த இடம் அது. அலை அடித்த பிறகு ஜகார்த்தா கதவைத் திறந்தது. சிங்கப்பூர் படை மியூலாபோவில் இறங்கியது. அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலில் இருந்து ஹெலிகாப்டர்கள் பறந்தன. மலேசியாவும் மீட்பு, மருத்துவக் குழுக்களை அனுப்பியது. சுபாங் விமான நிலையம் ஆச்சேவுக்குப் போகும் ஐ.நா. நிவாரண விமானங்களுக்குத் தளமாக மாறியது.

அதே நேரத்தில், வெளிநாட்டுப் படைகள் மூன்று மாதத்துக்குள் கிளம்ப வேண்டும் என்று இந்தோனேசியா கெடு வைத்தது. உதவி வேணும், ஆனா தங்கிடக் கூடாது. சொந்த மண்ணில் வேறு நாட்டு சீருடை நடமாடுவது எந்த அரசாங்கத்துக்கும் சங்கடமான விஷயம்தான். இந்தச் சங்கடத்தை மனதில் வைத்துத்தான் பிறகு வந்த விதிகள் எல்லாம் எழுதப்பட்டன.

ஆசியான் ஒப்பந்தம் என்ன சொல்கிறது?

ஆழிப்பேரலைக்கு ஏழே மாதத்தில், 2005 ஜூலையில் வியந்தியானில் ஆசியான் நாடுகள் பேரிடர் நிர்வாகம், அவசர உதவி தொடர்பான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2009 டிசம்பரில் அது நடப்புக்கு வந்தது. கையெழுத்திட்ட நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் இது. நமக்குத் தேவையான பகுதிகளை எளிமையாகச் சொன்னால்:

• பாதிக்கப்பட்ட நாடு கேட்கணும் அல்லது வருகிற உதவிக்குச் சம்மதிக்கணும். இல்லாமல் யாரும் உள்ளே போகக்கூடாது.
• வந்த உதவியை ஒட்டுமொத்தமாக வழிநடத்துவது பாதிக்கப்பட்ட நாடுதான். உதவ வந்த நாடு தன் ஆட்களுக்கு ஒரு பொறுப்பாளரை நியமிக்கும். அவர் உள்ளூர் அதிகாரிகளோடு பேசி வேலையைப் பிரித்துக்கொள்வார்.
• உதவிக்கு வருபவர்கள் ஆயுதம் ஏந்தி வரக்கூடாது. இராணுவத்தினர் அடையாளத்தோடு கூடிய சீருடை அணியலாம்.
• கருவிகளுக்கும் நிவாரணப் பொருள்களுக்கும் சுங்க வரி கிடையாது. ஆட்கள் நாட்டுக்குள் வரவும் தங்கவும் போகவும் வசதி செய்து தரணும்.

கடைசி விதி சாதாரணமாகத் தெரியும். ஆனால் களத்தில் அதுதான் பெரிய தலைவலி. மோப்ப நாய்க்கு கால்நடைத் துறை அனுமதி, மருந்துகளுக்குச் சுகாதார அமைச்சின் அனுமதி, ரேடியோவுக்கு அலைவரிசை அனுமதி, வெளிநாட்டு டாக்டருக்கு மருத்துவம் பார்க்க அனுமதி, விமானத்துக்கு வான்வெளி அனுமதி. ஒவ்வொன்றும் ஒரு இலாகா, ஒரு பாரம். இடிபாட்டுக்குள் சிக்கியவர் உயிரோடு மீட்கப்படும் வாய்ப்பு மூன்று நாளுக்குப் பிறகு வேகமாகக் குறைந்துவிடும். பாரம் நிரப்புவதிலேயே ஒரு நாள் போய்விட்டால், வந்தும் பிரயோசனம் இல்லை.

இதை ஒருங்கிணைக்க 2011 நவம்பரில் ஜகார்த்தாவில் 'ஆஹா மையம்' தொடங்கப்பட்டது. ஆசியானின் மனிதநேய உதவி ஒருங்கிணைப்பு மையம் அது. மலேசியாவிலிருந்து அதனோடு தொடர்பில் இருப்பது நட்மா, அதாவது தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனம். 2016-இல் ஆசியான் தலைவர்கள் 'ஓர் ஆசியான், ஒரே பதில் நடவடிக்கை' என்ற பிரகடனத்தில் கையெழுத்திட்டனர். வட்டாரத்துக்குள் மட்டுமின்றி வெளியிலும் ஒன்றாகச் செயல்பட வேண்டும் என்பது அதன் நோக்கம்.

இராணுவங்களுக்கு என்று தனியாக ஏதாவது இருக்கா?

இருக்கு. ஆசியான் தற்காப்பு அமைச்சர்களின் முதல் கூட்டம் 2006 மே மாதம் கோலாலம்பூரில்தான் நடந்தது. 2010-இல் அமெரிக்கா, சீனா, இந்தியா, ஜப்பான், ரஷ்யா, ஆஸ்திரேலியா உள்ளிட்ட எட்டு நாடுகளும் சேர்ந்து விரிவான கூட்டமாக அது வளர்ந்தது. தென் சீனக் கடல் விவகாரத்தில் முட்டிக்கொள்ளும் நாடுகள்கூட நிவாரணப் பயிற்சியில் ஒன்றாக நிற்கின்றன. 2013 ஜூனில் புருணையில் நடந்த கூட்டுப் பயிற்சி அதற்கு ஓர் உதாரணம்.

சிங்கப்பூர் 2014-இல் சாங்கியில் ஒரு வட்டார ஒருங்கிணைப்பு மையத்தைத் திறந்தது. எந்த நாட்டு விமானம் எப்போது வருகிறது, எதைக் கொண்டு வருகிறது என்ற தகவலை இராணுவங்கள் அங்கே பகிர்ந்துகொள்ளும். இல்லாவிட்டால் ஒரே சிறிய விமான நிலையத்தில் பத்து விமானங்கள் ஒன்றாக வந்து நிற்கும். எல்லாவற்றிலும் தண்ணீர் பாட்டில் இருக்கும். ஒன்றில்கூட ஜெனரேட்டர் இருக்காது.

மலேசியா 2015-இல் ஆசியானுக்குத் தலைமை வகித்தபோது இன்னும் ஒரு படி மேலே போக முயன்றது. ஆசியான் நாடுகளின் இராணுவங்கள் ஒரே குழுவாக, ஆசியான் கொடியின் கீழ் நிவாரணத்துக்குப் புறப்படும் 'தயார்நிலைக் குழு' யோசனையை முன்வைத்தது. லங்காவியில் நடந்த தற்காப்பு அமைச்சர்கள் கூட்டத்தில் அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. விதிமுறைகளும் எழுதப்பட்டன. ஆனால் நடைமுறையில் இன்றும் ஒவ்வொரு நாடும் பெரும்பாலும் தன் கொடியோடு, தன் முடிவின்படிதான் போகிறது.

சுபாங்கில் என்ன இருக்கிறது?

கம்போங் மேடானிலிருந்து சுபாங் விமானத் தளத்துக்குச் சாலை நெரிசல் இல்லாவிட்டால் அரை மணி நேரம் போதும். ஆகாயப்படையின் சரக்கு விமானங்கள் அங்கிருந்துதான் பறக்கின்றன. ஐ.நா.வின் மனிதநேய உதவிக் கிடங்கும் சுபாங்கில் அமைக்கப்பட்டது. அதே வளாகத்தில் 2012 டிசம்பரில் ஆசியான் தன் சொந்த நிவாரணக் கையிருப்பைத் தொடங்கியது. ஜப்பான் அதற்கு நிதி உதவி செய்தது.

குடும்பக் கூடாரங்கள், சமையல் பாத்திரத் தொகுப்புகள், சுகாதாரப் பொருள்கள், ஜெனரேட்டர்கள், எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளக்கூடிய தற்காலிகக் கிடங்குகள் என்று வாங்கி அடுக்கி வைத்திருப்பார்கள். பேரிடர் வந்த பிறகு டெண்டர் விட்டு வாங்கிக்கொண்டிருக்க நேரம் இருக்காது, அதனால்தான். 2019-இல் தாய்லாந்திலும் பிலிப்பைன்ஸிலும் துணைக் கிடங்குகள் திறக்கப்பட்டன.

மீட்புக் குழுவும் நமக்குப் பக்கத்தில்தான். 'ஸ்மார்ட்' எனப்படும் மலேசியச் சிறப்பு மீட்புக் குழுவின் தளம் பூச்சோங் அருகே புலாவ் மெராந்தியில் உள்ளது. அந்தக் குழு பிறந்ததற்குக் காரணமும் கிள்ளான் பள்ளத்தாக்கில் நடந்த ஒரு சோகம்தான். 1993 டிசம்பர் 11-இல் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 பேர் இறந்தனர். அன்று சிங்கப்பூர், ஜப்பான், பிரான்ஸ் மீட்புக் குழுக்கள் நமக்கு உதவ வந்தன. இடிபாட்டுக்குள் ஆளைத் தேடும் சிறப்புக் குழு நம்மிடம் இல்லை என்பது அப்போது தெரிந்தது. 1995-இல் இராணுவம், போலீஸ், பொம்பா மூன்றிலிருந்தும் ஆட்களை எடுத்து ஸ்மார்ட் உருவாக்கப்பட்டது.

உதவி வாங்கிய நாடு பிறகு உதவி செய்யும் நாடாக மாறியது. ஆச்சே, பாகிஸ்தான், நேப்பாளம், 2023-இல் துருக்கி, 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பின் மியன்மார் என்று ஸ்மார்ட் போன இடங்கள் பல. 2017 டிசம்பரில் வங்காளதேசத்தின் காக்ஸ் பஜாரில் ரோஹிங்கியா அகதிகளுக்காக மலேசியா ஒரு கள மருத்துவமனையையும் திறந்தது. ஆயுதப்படை மருத்துவப் பிரிவு அதில் முக்கியப் பங்கு வகித்தது.

அழைப்பில்லாமல் போனால் என்ன?

போக முடியும். ஆனால் அதற்குப் பெயர் நிவாரணம் மட்டுமாக இருக்காது.

தமிழ் வாசகர்களுக்கு நன்றாக நினைவிருக்கும் ஓர் உதாரணம் 1987 ஜூன். யாழ்ப்பாணக் குடாநாடு முற்றுகையில் இருந்தது. இந்தியா முதலில் படகுகளில் நிவாரணப் பொருள் அனுப்பியது. இலங்கைக் கடற்படை அவற்றைத் திருப்பி அனுப்பியது. மறுநாள் ஜூன் 4-ஆம் தேதி இந்திய ஆகாயப்படையின் ஏஎன்-32 சரக்கு விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் காவலுக்கு வர, யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 டன் உணவுப் பொருளைப் போட்டன. அதற்கு 'பூமாலை நடவடிக்கை' என்று பெயர்.

கீழே இருந்த மக்களுக்கு அது சாப்பாடு. கொழும்புக்கு அது வான்வெளி அத்துமீறல். இரண்டுமே உண்மை. அடுத்த மாதமே இந்திய-இலங்கை ஒப்பந்தமும், அதைத் தொடர்ந்து இந்திய அமைதிப்படையும் வந்தன. சம்மதம் இல்லாமல் வானத்திலிருந்து விழும் அரிசி மூட்டை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அரசாங்கங்கள் மறக்கவில்லை.

சம்மதம் கொடுக்காமல் இழுத்தடித்தால் என்ன ஆகும் என்பதற்கு 2008 மே மாதம் மியன்மாரில் வந்த நர்கிஸ் புயல் சாட்சி. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து சுமார் 1 லட்சத்து 38 ஆயிரம் பேர். அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சு கடற்படைக் கப்பல்கள் கரைக்கு அப்பால் உதவிப் பொருள்களோடு காத்திருந்தன. இராணுவ அரசாங்கம் அவற்றைக் கரைக்கு வர விடவில்லை. சில வாரங்கள் காத்திருந்துவிட்டு அவை திரும்பிப் போயின.

கடைசியில் கதவு கொஞ்சம் திறந்தது ஆசியான் வழியாக. மே 19-ஆம் தேதி சிங்கப்பூரில் கூடிய ஆசியான் வெளியுறவு அமைச்சர்கள் ஒரு வழி கண்டார்கள். ஆசியான், மியன்மார், ஐ.நா. மூன்றும் சேர்ந்த குழு நிவாரணத்தை நடத்தும் என்று முடிவானது. மேற்கு நாட்டுப் போர்க்கப்பலை நம்பாத அரசாங்கம், அண்டை வீட்டுக்காரரை நம்பியது. வட்டார ஒத்துழைப்பின் உண்மையான பலன் இதுதான். ஆசியானிடம் பெரிய கப்பல்கள் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வாசலில் நின்று கூப்பிட்டால் கதவைத் திறப்பார்கள்.

அப்படின்னா 2025-இல் நடந்தது என்ன?

டித்வா தாக்கியபோது இந்தியாவின் விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலும் உதயகிரி போர்க்கப்பலும் கொழும்பில்தான் இருந்தன. இலங்கைக் கடற்படையின் 75-ஆம் ஆண்டு விழாவுக்காக வந்தவை. இலங்கை உதவி கேட்டதும் கப்பலில் இருந்த பொருள்களையும் ஹெலிகாப்டர்களையும் அப்படியே நிவாரணத்துக்குத் திருப்பிவிட்டார்கள். 'சாகர் பந்து' என்று பெயரிடப்பட்ட அந்த நடவடிக்கையில் விமானங்களும் மீட்புக் குழுக்களும் கள மருத்துவமனையும் தொடர்ந்து வந்தன. வேறு பல நாடுகளும் உதவின. 1987-இல் இதே இரு நாடுகளுக்கிடையே நடந்ததை நினைத்துப் பார்த்தால், சம்மதம் என்ற ஒரு சொல் எவ்வளவு மாற்றுகிறது என்பது புரியும்.

இந்தோனேசியாவின் முடிவுக்கும் காரணம் இல்லாமல் இல்லை. பெரிய நாடு, பெரிய இராணுவம், 2004-க்குப் பிறகு வளர்ந்த சொந்தப் பேரிடர் அமைப்பு. 2018-இல் பாலு நிலநடுக்கத்தின்போதும் எல்லாரையும் வரவிடாமல், சரக்கு விமானம், கூடாரம், ஜெனரேட்டர், தண்ணீர் சுத்திகரிப்பு என்று தேவையானதை மட்டும் பட்டியலிட்டுக் கேட்டது. கேட்காத உதவி குவிந்தால் அதைச் சமாளிப்பதே தனி வேலையாகிவிடும் என்பது உண்மைதான்.

ஆனால் பாலம் அறுந்து, பல நாள் சாப்பாடு வராமல் காத்திருந்த ஆச்சே கிராமவாசிக்கு இந்த விளக்கம் போதுமா? "அழுத பிள்ளைக்குத்தான் பால்" என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். பேரிடரில் அழுவது மக்கள். உலகத்துக்குக் கேட்கும்படி அழ வேண்டியது அரசாங்கம். இரண்டுக்கும் நடுவில் எத்தனை நாள் போகிறது என்பதில்தான் உயிர்கள் தங்கியிருக்கின்றன.

மியன்மாரில் இன்னொரு சிக்கல். அங்கே உதவியைப் பெற்றுக்கொள்ளும் இராணுவமே உள்நாட்டுப் போரில் ஒரு தரப்பு. 2025 நிலநடுக்கத்தில் 3,700-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக அறிவிக்கப்பட்டது. நிலநடுக்கத்துக்குப் பிறகும் வான் தாக்குதல்கள் தொடர்ந்ததாகச் செய்திகள் வந்தன. அரசாங்கத்தின் சம்மதத்தோடு போகும் உதவி, அரசாங்கத்தின் பிடியில் இல்லாத கிராமத்துக்கு எப்படிப் போய்ச் சேரும்? ஆசியான் ஒப்பந்தத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

நம் வீட்டு வாசலில் வெள்ளம் வந்தால்?

இது வெளிநாட்டு விவகாரம் மட்டும் இல்லை. 'யார் கேட்கணும், எப்போது கேட்கணும்' என்ற அதே சிக்கல் ஒரே நாட்டுக்குள்ளும் வரும்.

2021 டிசம்பர் 17, 18 தேதிகளில் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மாதம் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடியிலும் கூரையிலும் காத்திருந்தார்கள். சுபாங் விமானத் தளத்திலிருந்து அந்த இடம் நேர்க்கோட்டில் சுமார் 11 கிலோமீட்டர்தான். முதல் மணி நேரங்களில் பலரை மீட்டது அக்கம்பக்கத்தினரும், சொந்தப் படகு கொண்டுவந்த தன்னார்வலர்களும்தான். அந்தப் பருவ வெள்ளத்தில் நாடு முழுவதும் 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது.

படைகள் ஏன் இன்னும் சீக்கிரமாக வரவில்லை என்ற கேள்வி நாடாளுமன்றம் வரை போனது. நடவடிக்கையில் பலவீனங்கள் இருந்ததை அப்போதைய பிரதமர் டத்தோஸ்ரீ இஸ்மாயில் சப்ரி யாக்கோப் ஒப்புக்கொண்டார்.

இதைப் புரிந்துகொள்ள நம் அமைப்பு எப்படி இயங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்ளணும். 1997-இல் தேசியப் பாதுகாப்பு மன்றம் வெளியிட்ட 20-ஆம் எண் ஆணை, பேரிடரை மூன்று நிலைகளாகப் பிரித்தது: மாவட்டம், மாநிலம், மத்திய அரசு. முதலில் மாவட்ட அதிகாரி தலைமையிலான குழு பார்க்கும். அவர்களால் முடியாவிட்டால் மாநிலம். அதற்கும் மேல் போனால் மத்திய அரசு. 2015-இல் தொடங்கப்பட்ட நட்மா இந்த முழு அமைப்பையும் ஒருங்கிணைக்கிறது; நேரடியாகப் படகு எடுத்துக்கொண்டு வருவது அதன் வேலை இல்லை. ஆயுதப்படை இதில் துணைக்கு வரும் படை.

மெதுவாக ஏறும் கிளந்தான் வெள்ளத்துக்கு இந்தப் படிக்கட்டு முறை ஓரளவு பொருந்தும். அங்கே பருவமழைக்கு முன்பே படகும் ஆளும் தயாராக இருக்கும். சில மணி நேரத்தில் கழுத்தளவு ஏறும் நகர வெள்ளத்தில், ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறுவதற்குள் தண்ணீர் முந்திக்கொள்ளும். கிள்ளான் ஆற்றை ஒட்டிய தாழ்வான குடியிருப்புகளில் இருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளணும்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

• அவசர எண் 999. இராணுவத்தைத் தனியாகக் கூப்பிட வேண்டியதில்லை. உங்கள் அழைப்புதான் மாவட்ட அளவில் நிலைமையைக் காட்டும் முதல் தகவல். எத்தனை பேர், வயதானவர்கள், கைக்குழந்தை, டயாலிசிஸ் நோயாளி யாராவது உண்டா, தண்ணீர் எந்த அளவு என்று தெளிவாகச் சொல்லுங்கள்.
• மலேசிய வானிலை ஆய்வுத் துறையான மெட்மலேசியாவின் மழை எச்சரிக்கையையும், வடிகால் நீர்ப்பாசனத் துறையின் 'பப்ளிக் இன்ஃபோ பஞ்சீர்' அகப்பக்கத்தில் ஆற்று நீர்மட்டத்தையும் பாருங்கள். யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவை மட்டும் நம்ப வேண்டாம்.
• உங்கள் வட்டாரத்தின் பிபிஎஸ், அதாவது தற்காலிக நிவாரண மையம், எந்தப் பள்ளி அல்லது மண்டபம் என்பதை மழைக்காலத்துக்கு முன்பே விசாரித்து வையுங்கள். கீழ்மாடியில் தனியாக இருக்கும் முதியவர்கள் யார் என்பது குடியிருப்போர் சங்கத்துக்குத் தெரிந்திருக்கணும்.
• இலங்கையிலோ தமிழகத்திலோ சுமத்ராவிலோ பேரிடர் என்றால், பழைய துணி மூட்டை அனுப்புவதைவிட, அங்கே ஏற்கனவே வேலை செய்யும் அங்கீகரிக்கப்பட்ட அமைப்புக்குப் பணம் கொடுப்பது நல்லது. மலேசியச் செம்பிறைச் சங்கம், மெர்சி மலேசியா போன்றவை அப்படிப்பட்ட அமைப்புகள். யாரும் கேட்காத துணி மூட்டைகள் விமான நிலையத்தில் மலையாகக் குவிந்து, மருந்துப் பெட்டிகளுக்கு இடமில்லாமல் செய்துவிடும்.
• வெளிநாட்டில் மாட்டிக்கொண்டால் அருகிலுள்ள மலேசியத் தூதரகத்தைத் தொடர்புகொள்ளுங்கள். ஹாட்யாய் வெள்ளத்தின்போது சொங்க்லாவில் உள்ள நம் துணைத்தூதரகம்தான் மலேசியர்களைத் திருப்பி அனுப்பும் வேலையை ஒருங்கிணைத்தது.

அடுத்தது என்ன?

2025 அக்டோபரில் திமோர் லெஸ்தே சேர்ந்த பிறகு ஆசியானில் இப்போது 11 நாடுகள். விதிகள், கிடங்கு, பயிற்சி, விமானம் என்று இருபது ஆண்டுகளில் நிறைய சேர்ந்திருக்கிறது. இன்னும் சேராதது வேகமான முடிவு. பேரிடர் நடந்து எத்தனை மணி நேரத்துக்குள் உதவி வேணுமா வேண்டாமா என்று ஒரு நாடு சொல்ல வேண்டும் என்பதற்குக் கெடு எதுவும் இல்லை.

அந்த முடிவு ஜகார்த்தாவிலோ புத்ராஜெயாவிலோ கொழும்பிலோ எடுக்கப்படுகிறது. ஆனால் அதற்கான தகவல் கீழேயிருந்துதான் மேலே போகணும். வெள்ளம் ஏறுகிறது என்று 999-க்கு வரும் முதல் அழைப்பு, மாவட்ட அதிகாரி மேலே அனுப்பும் முதல் அறிக்கை, நட்மா எடுக்கும் முதல் கணக்கு. அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி தாமதித்தாலும் சுபாங்கில் நிற்கும் விமானம் நின்றபடியேதான் இருக்கும்.